முக்கூர்த்தி: உச்சியில ஓடும் கோடு

இன்னைக்கு எபிசோட்ல நாம ஒரு மலை ஏறப்போறோம்.

மேட்டுப்பாளையத்துல இருந்து மேல போறவங்க பெரும்பாலும் குன்னூர், ஊட்டி, ரொம்பப் போனா தொட்டபெட்டான்னு நிறுத்திக்குவாங்க. ஆனா நீலகிரி அங்கே முடியறதில்லைங்க. ஊட்டிக்கு மேற்கே, அவலாஞ்சி, பைக்காரா எல்லாம் தாண்டி மலை போய்க்கிட்டே இருக்கு. புல்லும் பள்ளமுமா அலை அலையாப் போய், ஒரு இடத்துல சட்டுன்னு அறுந்து நிக்குது. அந்த விளிம்புல நிக்கற சிகரங்கள்ல ஒண்ணுதான் முக்கூர்த்தி. உயரம் 2,554 மீட்டர். கிழக்குப் பக்கம் ஏறிப் போகக்கூடிய புல்சரிவு. மேற்குப் பக்கம் எட்டிப் பார்த்தா தலை சுத்தற அளவுக்குப் பாறைச் சரிவு. கீழே நிலம்பூர்க் காடு.

மேப்பைத் திறந்து பாருங்க. தமிழ்நாட்டையும் கேரளாவையும் பிரிக்கற கோடு இந்த உச்சி வழியாத்தான் போகுது. இந்தக் கோட்டை யார் போட்டது, எதுக்குப் போட்டாங்க, மேல நடக்கற விஷயத்துக்கும் கீழே மேட்டுப்பாளையத்துல இருக்கற நமக்கும் என்ன சம்பந்தம்? இன்னைக்குப் பேசப்போறது அதைப் பத்தித்தான்.

தண்ணி போட்ட கோடு

முதல் கோட்டை எந்த அரசாங்கமும் போடலை. தண்ணி போட்டது.

முக்கூர்த்தி உச்சியில ஒரு மழை பெய்யுதுன்னு வெச்சுக்கங்க. கிழக்குச் சரிவுல விழற தண்ணி பைக்காரா ஆறா உருவாகுது. அது வடக்கே போய், மலையை விட்டு இறங்கி, மாயாறுன்னு பேர் மாறி, கடைசியில பவானிசாகர் அணையில பவானியோட கலக்குது. அங்கிருந்து கோபி, சத்தி, ஈரோடு வயல்கள். மிச்சம் பவானி கூடுதுறையில காவிரி. அதே மழையில மேற்குப் பக்கம் விழறது கரிம்புழையா இறங்கி, நிலம்பூர் பக்கம் சாலியாறுல சேர்ந்து, பேப்பூர்ல அரபிக்கடலுக்குப் போயிடும். ஒரு முழ தூரம் தள்ளி விழுந்தா, ஒண்ணு மஞ்சக் காட்டுக்கு, இன்னொண்ணு அரபிக்கடலுக்கு.

ஆக, முக்கூர்த்தியில மாநில எல்லையும் தண்ணி பிரியற முகடும் கிட்டத்தட்ட ஒண்ணா போகுது. கொஞ்சம் தெற்கே வந்தா இந்தக் கணக்கு தப்பிடும். பவானி ஆறு பிறக்கறது இதே நீலகிரியோட தென்மேற்கு மூலையில. ஆனா அது நேரா நம்ம பக்கம் வர்றதில்லை. முதல்ல கேரளாவுக்குள்ள இறங்கி, முக்காலியில திரும்பி, அட்டப்பாடி வழியா ஓடி, மறுபடியும் தமிழ்நாட்டுக்குள்ள வந்து, பில்லூர் அணையைத் தாண்டி மேட்டுப்பாளையத்துக்கு வருது. கேரளாவுல கிழக்கு நோக்கி ஓடற ஆறுகள் மூணே மூணு. கபினி, பாம்பாறு, அப்புறம் நம்ம பவானி.

எல்லைக்கோடு ஒரு இடத்துல தண்ணியோட ஒத்துப்போகுது, அடுத்த இடத்துல ஆத்தைக் குறுக்கே வெட்டுது. இது ஏன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். ஆனா அதுக்கு முன்னாடி, இந்த உச்சியில இன்னொரு கோடும் இருந்தது.

தோடர்களின் மேற்கு

நீலகிரி மேட்டுநிலத்துல எருமை வளர்த்து வாழற மக்கள் தோடர்கள். இன்னைக்கும் அவங்க எண்ணிக்கை ஏறத்தாழ ரெண்டாயிரம்தான். அவங்க நம்பிக்கைப்படி இறந்தவங்களோட உலகம் மேற்குல இருக்கு. அதுக்குப் பேர் அமுனோர். அதை ஆளற தெய்வம் ஓன். சாவுச் சடங்குல எருமையைப் பலி கொடுக்கறது எதுக்குன்னா, செத்தவங்க அந்த உலகத்துக்குப் போகும்போது எருமையும் கூடப் போகணும்னுதான். எருமை இல்லாம தோடருக்கு இந்த உலகமும் இல்லை, அந்த உலகமும் இல்லை.

இந்தப் பயணத்துல முக்கூர்த்திக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. மனுச உயிரும் எருமை உயிரும் இந்த உச்சிப் பக்கம் வந்து, இங்கிருந்து மேற்கே தாவி அந்த உலகத்துக்குள்ள போகுதுன்னு தோடர்கள் சொன்னதை வெள்ளைக்காரங்க காலத்து மாவட்டக் குறிப்புகள் பதிவு பண்ணியிருக்கு. 1901-02ல இங்கே வந்து தங்கி ஆராய்ச்சி பண்ணின டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1906ல தோடர்களைப் பத்தி ஒரு பெரிய புத்தகமே போட்டார். அதுல அமுனோர் பத்தி ஒரு விஷயம் சொல்றார். அங்கே போனவங்க நடந்து நடந்து கால் தேய்ஞ்சுக்கிட்டே வருவாங்களாம். முழங்கால் வரைக்கும் தேய்ஞ்சதும், ஓன் அவங்களை வேற மனுசரா இந்த உலகத்துக்கே திருப்பி அனுப்பிடுவாராம்.

யோசிச்சுப் பாருங்க. அரசாங்க மேப்புல கேரளா தொடங்கற இடத்துல, தோடர்களோட மேப்புல மறுமை தொடங்குது. மூணு பக்கமும் அவங்க பழகின மந்துகளும் மேய்ச்சலும். நாலாவது பக்கம் மேகம் ஏறி வர்ற பாதாளம். அந்த விளிம்பை உலகத்தோட எல்லைன்னு நினைச்சதுல ஆச்சரியமே இல்லை.

ஆனா அந்த மேற்குல இருந்தும் ஆள் ஏறி வந்திருக்காங்க. 1603ல கோழிக்கோட்டுல இருந்த ஜெசுயிட் பாதிரியார் ஃபெனிசியோ இந்த மலைக்கு ஏறினார். மேல காணாமப்போன கிறிஸ்தவங்க யாராவது இருக்காங்களான்னு தேடி வந்தவர். அவர் பார்த்தது தோடர்களையும் படுகர்களையும். ஐரோப்பியர் ஒருத்தர் நீலகிரியைப் பத்தி எழுதினதுல நமக்குக் கிடைச்ச முதல் குறிப்பு அவரோடதுதான். கொங்குப் பக்கமிருந்து வெள்ளைக்காரங்க ஏறறதுக்கு 200 வருசத்துக்கு முன்னாடி.

ரெண்டு போர், ரெண்டு ஜில்லா

இப்ப அரசாங்கக் கோட்டுக்கு வருவோம். இது பள்ளிக்கூடப் புத்தகத்துல வராத கதை.

திப்பு சுல்தான்கிட்ட இருந்து கிழக்கிந்தியக் கம்பெனி நிலத்தை ஒரே தடவையில வாங்கலை. 1792 போர் முடிஞ்சப்போ மலபார் கைக்கு வந்தது. 1799ல திப்பு இறந்த பிறகுதான் கோயமுத்தூர் வந்தது. முதல்ல வந்த மலபாரைப் பம்பாய் பக்கம் வெச்சு ஆண்டு, 1800ல மெட்ராஸோட சேர்த்தாங்க. ஆக, ரெண்டு போர்ல ரெண்டு தடவையா வந்த நிலம், ரெண்டு ஜில்லா ஆச்சு. ரெண்டுக்கும் நடுவுல நீலகிரி. அதோட மேல யாரும் சரியாப் போய்ப் பார்த்ததுகூட இல்லை.

1812ல கீஸ், மெக்மஹோன்னு ரெண்டு சர்வேக்காரங்க தணாயக்கன்கோட்டைப் பக்கமிருந்து ஏறினாங்க. அந்தக் கோட்டையை இன்னைக்குத் தேடாதீங்க, அது பவானிசாகர் அணைக்குள்ள மூழ்கிடுச்சு. 1819 ஜனவரியில கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் சிறுமுகைப் பக்கமிருந்து ஏறிக் கோத்தகிரி பகுதிக்குப் போனார். 1821ல கேப்டன் வார்ட் மலையை அளந்தார். அதுக்கப்புறம்தான் மேல இருக்கறது யாரோட நிலம்ங்கற கேள்வியே வந்தது.

அந்தக் கேள்விக்குக் கம்பெனி ஒரே பதில் சொல்லலை. 1830கள்ல மலையோட மேற்குப் பகுதியை மலபார் ஜில்லாவோட சேர்த்தாங்க. 1843ல பெரும்பகுதியைத் திரும்பக் கோயமுத்தூருக்கே கொடுத்தாங்க. குந்தா பக்கம் மட்டும் அதுக்கப்புறமும் கொஞ்ச காலம் மலபார்லயே இருந்தது. 1868ல நீலகிரியைக் கோயமுத்தூர்ல இருந்து பிரிச்சுத் தனியா ஆக்கினாங்க, முதல் கமிஷனர் பிரீக்ஸ். 1877ல வயநாட்டோட ஒரு பகுதியான கூடலூர்ப் பக்கத்தையும் நீலகிரியோட சேர்த்தாங்க. கோடு இப்படி ஆடிக்கிட்டே இருந்தது. வரி வசூல் யாருக்குச் சௌகரியம், எந்த ஊர்ல இருந்து பாதை இருக்குங்கறதுதான் கணக்கு. மேல இருக்கற மக்கள் என்ன பேசறாங்க, ஆறு எங்கே ஓடுதுங்கறது இல்லை.

பாதைன்னதும் ஒண்ணு சொல்லணும். 1830கள்ல கேப்டன் முர்ரே மேற்பார்வையில, மலபார் சமவெளியில இருந்து இந்த மேற்கு விளிம்பு ஏறி, சிஸ்பாரா, அவலாஞ்சி வழியா ஊட்டிக்கு ஒரு பாதை போட்டாங்க. இன்னைக்கு நமக்கு ஊட்டின்னா மேட்டுப்பாளையம் வழிதான் ஞாபகம் வரும். அன்னைக்கு ஊட்டிக்கு மேற்கு வாசலும் உண்டு. அந்த மழையில, அந்தக் குளிர்ல பாதையைத் தக்கவைக்க முடியலை. காடு அதைத் திரும்ப எடுத்துக்கிச்சு. 1873ல ரயில் மேட்டுப்பாளையத்துக்கு வந்த பிறகு, மலையோட வாசல் கிழக்குன்னு முடிவாயிடுச்சு.

1956

சுதந்திரம் வந்த பிறகும் மலபார், நீலகிரி, கோயமுத்தூர் மூணும் ஒரே மெட்ராஸ் மாகாணத்து ஜில்லாக்கள்தான். பவானி ஆறு மலபார் ஜில்லாவுக்குள்ள போய்த் திரும்பி வந்தா அது ஒரு பிரச்சினையே இல்லை, எல்லாம் ஒரே அரசாங்கம்.

1956 நவம்பர் 1. மொழிவாரி மாநிலங்கள் வந்தன. மலபார் ஜில்லா கேரளாவுக்குப் போச்சு. அட்டப்பாடி மலபார்ல இருந்ததால அதுவும் கூடவே போச்சு. ஒரே நாள்ல, கம்பெனிக்காரன் வரிக்காகப் போட்ட ஜில்லா கோடு மாநில எல்லை ஆச்சு. முக்கூர்த்தி உச்சி ரெண்டு மாநிலத்துக்கு நடுவுல நின்னது. பவானி ரெண்டு மாநிலத்து ஆறு ஆச்சு.

இதோட விளைவு இன்னைக்கும் நம்ம செய்தித்தாள்ல இருக்கு. கூடலூர்ப் பக்கம் மேற்கே ஓடற பாண்டியாறு, புன்னம்புழை தண்ணியைக் கிழக்கே மாயாறுக்குத் திருப்பணும்னு கொங்கு விவசாயிகள் பல வருசமாக் கேட்கறாங்க. 2019 செப்டம்பர்ல ரெண்டு முதலமைச்சர்களும் திருவனந்தபுரத்துல உட்கார்ந்து பேசினப்போ இதுவும் ஒரு விஷயம். பவானியில அட்டப்பாடிப் பக்கம் அணை கட்டப்போறாங்கன்னு பேச்சு வந்தா, மேட்டுப்பாளையத்துலயும் ஈரோட்டுலயும் கொதிப்பு வரும். யாருக்கு எவ்வளவு தண்ணின்னு எல்லாரும் கேட்கறோம். அந்தத் தண்ணியை மேல பிடிச்சு வெச்சிருக்கறது எதுன்னு கேட்கறவங்க கம்மி.

கரண்ட்டும் 'தரிசும்'

மேல இருக்கறது ரெண்டு விஷயம். பள்ளங்கள்ல குட்டையான, அடர்த்தியான சோலைக்காடு. மேடுகள்ல புல்வெளி. தென்மேற்குப் பருவமழை முதல்ல மோதறது இந்த விளிம்புலதான். புல்லும் அதுக்குக் கீழே இருக்கற மண்ணும் அந்த மழையைக் குடிச்சு வெச்சுக்கிட்டு, மாசக்கணக்கா மெதுவா விடுது. மேட்டுப்பாளையத்துல ஆனி, ஆடியில வானம் மூடியிருக்கும், சாரலோட சரி. நமக்கு நல்ல மழைன்னா அது ஐப்பசி, கார்த்திகைதான். ஆனா ஆடியில பவானி பொங்கும். அந்தத் தண்ணி நம்ம மழையில வந்தது இல்லைங்க. மேற்கு விளிம்புல பெய்ஞ்ச மழையில வந்தது.

இதை முதல்ல கணக்குப் போட்டவங்க மின்சாரத் துறைக்காரங்க. 1932ல பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது. அதுக்குத் தண்ணி சேமிக்க 1938ல முக்கூர்த்தி அணை. அந்தக் கரண்ட் கோயமுத்தூருக்கு வந்துதான் 1930கள்ல மில்லுகள் பெருகுச்சு, கிணத்துக்கு மோட்டார் வந்தது. மோட்டாரையே இங்கே செய்யலாமேன்னு ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இறங்கினதும் அந்த வருசங்கள்லதான். தென்னிந்தியாவின் மான்செஸ்டர்னு பேர் வாங்கின ஊருக்கு ஆரம்ப மின்சாரம் வந்தது இந்தச் சிகரத்தோட கிழக்குச் சரிவுல பெய்ஞ்ச மழையில இருந்து.

அதே புல்வெளிக்கு அரசாங்கக் காகிதத்துல இருந்த பார்வை வேற. மரம் இல்லையா, அப்போ அது தரிசு. வெள்ளைக்காரங்க காலத்துல ஆஸ்திரேலியாவுல இருந்து கொண்டுவந்த சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும், சுதந்திரத்துக்கு அப்புறம் புல்வெளி மேல பெரிய அளவுல நட்டாங்க. சீகைப் பட்டை தோல் பதனிட. மரம் ரேயான் கூழுக்கு.

அந்த ரேயான் ஆலை எங்கே இருந்ததுன்னு கேட்டா, மேட்டுப்பாளையத்துக்காரங்க உடனே சொல்லுவாங்க. சிறுமுகை விஸ்கோஸ். 1819ல சல்லிவன் மலை ஏறின அதே சிறுமுகைப் பக்கம். நீலகிரிப் புல்லை மூடி வளர்ந்த மரம் லாரியில இறங்கி வந்து சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலையில கூழாச்சு, நூலாச்சு. பல ஆயிரம் குடும்பம் அதை நம்பிப் பிழைச்சது, அதையும் மறைக்கக் கூடாது. ஆலைக் கழிவு பவானியில கலந்ததை எதிர்த்து மக்கள் வருசக்கணக்காப் போராடினாங்க. 2000 வாக்குல ஆலை மூடியாச்சு. மேல புல் போச்சு, கீழே ஆறு கெட்டது, கடைசியில வேலையும் போச்சு.

தண்ணிக்கு என்ன ஆச்சுன்னு அளந்தும் பார்த்திருக்காங்க. பைக்காரா பக்கம் கிளென்மார்கன்ல, மத்திய அரசோட மண், நீர் ஆராய்ச்சி நிலையம் ஒரு சோதனை செஞ்சது. ஒரு சின்ன நீர்ப்பிடிப்பைப் புல்லாவே விட்டு, பக்கத்துல இன்னொண்ணுல கற்பூர மரம் நட்டு, ரெண்டுலயும் வர்ற தண்ணியை வருசக்கணக்கா அளந்தாங்க. மரம் வெச்ச பக்கம் முதல் சுற்றுலேயே தண்ணி சுமார் 16 சதவீதம் குறைஞ்சது. மரத்தை வெட்டி, மறுபடி தழைச்ச ரெண்டாவது சுற்றுல இன்னும் குறைஞ்சது. மரம் நட்டா மழை வரும்னு நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்காங்க. எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. புல்லு இருக்கவேண்டிய இடத்துல புல்லுதான் இருக்கணும்.

வரையாடும் வேலியும்

மிச்சமிருந்த புல்லைக் காப்பாத்தினதுல பெரிய பங்கு ஒரு ஆட்டுக்கு உண்டு. சங்கப் பாட்டுகள்ல வருடைன்னு வர்ற வரையாடு. இப்ப தமிழ்நாட்டோட மாநில விலங்கு. செங்குத்துப் பாறையும் பக்கத்துல புல்லும் இருந்தாத்தான் அது வாழும். சிறுத்தை வந்தா பாறைக்கு ஓடணும், பசிச்சா புல்லுக்கு வரணும். முக்கூர்த்தி விளிம்பு அதுக்காகவே செஞ்சு வெச்ச மாதிரி.

வேட்டையில அது அழியற நிலைக்கு வந்துச்சு. குன்னூர்ல வக்கீலா இருந்த ஈ. ஆர். சி. டேவிதார் 1960கள்ல இருந்தே இதை எண்ணி, எழுதி, காப்பாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருந்தார். 1982ல முக்கூர்த்தி சரணாலயம் ஆச்சு, 1990ல தேசியப் பூங்கா. பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். இன்னைக்கு டேவிதார் நினைவா அக்டோபர் 7ஐ வரையாடு தினமா தமிழ்நாடு கொண்டாடுது.

வரையாடு எண்ணறதுல ஒரு சிக்கல். இந்தப் பக்கம் எண்ணும்போது அது அந்தப் பக்கம் போயிடும். அதுக்குக் கோடு தெரியாதே. அதனால 2025 ஏப்ரல்ல ரெண்டு மாநிலமும் ஒரே நேரத்துல எண்ணினாங்க. தமிழ்நாட்டுப் பக்கம் 1,303. ரெண்டும் சேர்த்தா 2,600க்கு மேல. உலகத்துல வேற எங்கேயும் இந்த ஆடு காட்டுல கிடையாது. தண்ணி விஷயத்துல ஒரே மேசைக்கு வரத் தயங்கற ரெண்டு அரசாங்கமும் ஒரு ஆட்டுக்காகச் சேர்ந்து மலை ஏறினதை நான் சின்ன விஷயமா நினைக்கலை.

ஆனா பூங்கான்னா வேலி. தேசியப் பூங்காவுக்குள்ள கால்நடை மேய்க்கக் கூடாதுங்கறது சட்டம். வரையாட்டுக்கு அது நல்லது. தோடருக்கு? செத்தவங்க எருமையோட போற வழி இது. உயிரோட இருக்கற எருமைக்கு இங்கே அனுமதி இல்லை. சீகையை அகற்றிப் புல்லை மீட்கற வேலை இப்ப நடக்குது. எந்தச் சரிவுல எந்தப் புல் இருந்ததுங்கறது தலைமுறை தலைமுறையா அங்கே மேய்ச்சவங்களுக்குத் தெரியும். அவங்களைக் கூலிக்கு மட்டும் கூப்பிடறோமா, கேட்டு முடிவெடுக்கறோமாங்கறது இன்னும் பெரிய கேள்விதான்.

ஒரே மழை

கடைசியா ஒரு தேதி. 2019 ஆகஸ்ட் 8. அன்னைக்கு அவலாஞ்சியில 24 மணி நேரத்துல 80 சென்டிமீட்டருக்கு மேல மழை பதிவாச்சு. மேட்டுப்பாளையத்துல ஒரு வருசம் முழுக்கப் பெய்யற மழை அளவு அங்கே ஒரே நாள்ல. பில்லூர் அணை நிரம்பி, பவானி கரையோர மக்களை வெளியேறச் சொன்னாங்க. அதே நாள் ராத்திரி, முகட்டுக்கு அந்தப் பக்கம், நிலம்பூர் அருகே கவளப்பாறையில மலை சரிஞ்சு 59 பேர் இறந்தாங்க.

நம்ம டிவியில அது 'நீலகிரி வெள்ளம்'. அவங்க டிவியில அது 'மலப்புறம் நிலச்சரிவு'. ரெண்டு செய்தி, ரெண்டு அரசாங்கம், ரெண்டு நிவாரணம். மேல பெய்ஞ்சது ஒரே மேகம். முகட்டுல மண் எப்படி இருக்குங்கறது ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணா வந்து சேருது.

முக்கூர்த்திக்குப் போகணும்னா வனத்துறை அனுமதி வேணும், நினைச்சவுடனே போற ட்ரெக் இல்லை. போகாமலே இருந்தாலும் பரவாயில்லைங்க. அடுத்த ஆடியில பவானி பழுப்பு நிறத்துல பொங்கி வரும்போது, இந்தத் தண்ணி எந்த முகட்டுல இருந்து, யாரோட மேய்ச்சல் நிலத்துல இருந்து, எந்த ரெண்டு மாநிலம் வழியா வருதுன்னு பக்கத்துல நிக்கறவங்களுக்குச் சொல்லுங்க. தண்ணிப் பங்கைப் பத்திப் பேசற ஒவ்வொரு கூட்டத்துலயும் அந்தப் புல்லைப் பத்தியும் ஒருத்தர் பேசணும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.